1800-180-5522: ராகிங் ஹெல்ப்லைனுக்குப் போன் செய்து பார்த்தேன்

மிக்சி, பிரியாணிக் கடை, இன்டர்நெட் கனெக்‌ஷன் என்று எதற்கெல்லாமோ ரிவ்யூ எழுதியிருக்கிறேன், இதற்கு எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. காலேஜில் சேரும் பிள்ளைகள் ராகிங் செய்ய மாட்டேன் என்று வருஷா வருஷம் ஆன்லைனில் ஒரு உறுதிமொழி கொடுக்கிறார்கள் இல்லையா, பெற்றோரும் ஒன்று கொடுக்கிறார்களே, அந்த ஏற்பாட்டின் இன்னொரு பாதிதான் இந்த ஹெல்ப்லைன். பல்கலைக்கழக மானியக் குழுவுடையது, அதாவது யு.ஜி.சி.யுடையது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு. என் சித்தி பையனும் அந்த உறுதிமொழி கொடுத்தவன்தான், அதாவது அவனுக்காக பிரவுசிங் சென்டர்க்காரர் நிரப்பினார். ஹெல்ப்லைன் எண் ஹாஸ்டல் வாசல் போர்டில் பெரிதாக இருந்தது. அவன் போனில் இல்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்த சர்வீஸ் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது புரியாது.

முதல் மாதம் வழக்கமானதுதான். இன்ட்ரோ கேட்பார்கள், சட்டையின் மூன்றாவது பட்டனைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும், சீனியரின் ரெக்கார்டை எழுதிக் கொடுக்க வேண்டும். நான் படித்த காலத்தில் நானும் எழுதிக் கொடுத்தவன், அதை வீட்டில் பல தடவை சிரிப்புக் கதையாகச் சொன்னவனும் நான்தான், அதனாலேயே அவன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. அப்புறம் ஒரு ராத்திரி அவன் ரூம்மேட்டைத் தோப்புக்கரணம் போட வைத்திருக்கிறார்கள். முந்நூறு வரைக்கும் எண்ணினானாம், அதற்குமேல் எண்ணவில்லையாம். மறுநாள் படி இறங்க முடியவில்லை, தைலம் தேய்த்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்த நாள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போயிருக்கிறது.

தெரியாதவர்களுக்காக: பழக்கமில்லாத உடம்பை அப்படி வதைத்தால் தசை நார்கள் சிதைந்து, அதிலிருந்து வெளியாகும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். அந்தக் காப்பி நிறம் அதற்கான அடையாளம். விட்டால் சிறுநீரகம் செயலிழக்கலாம், பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகலாம். ரூமில் நாலு பேர், நாலு பேரிடமும் போன். ஒருவனும் யாரையும் கூப்பிடவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு எனக்கு ஒரு மெசேஜ் வந்தது: ‘அண்ணா ஒரு டவுட்’.

108-ஐக் கூப்பிடுடா என்றேன். ‘வார்டன்கிட்ட கேக்காம எப்படிண்ணா, நான்தான் போட்டுக்கொடுத்தேன்னு ஆயிடும்’ என்றான். உயிர் போகிற விஷயம் என்று தெரியாததால் வந்த தயக்கமில்லை இது, கூகுளில் தேடிப் பார்த்து எல்லாம் தெரிந்துதான் வைத்திருந்தான். பயம் வேறு. கடைசியில் லைனில் என்னை வைத்துக்கொண்டே இன்னொரு போனில் கூப்பிட்டார்கள், ஆம்புலன்ஸ் வந்தது, பையன் சில நாள் டிரிப்ஸில் இருந்து தேறிவிட்டான். வார்டன் கேட்ட முதல் கேள்வி, ‘ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது யார்?’

சரி, ஹெல்ப்லைனுக்கு வருகிறேன். மறுநாள் காலை நான்தான் போன் செய்தேன். எடுத்தார்கள். காலேஜ் பெயர், எந்த டிபார்ட்மென்ட், எப்போது நடந்தது, செய்தவர்கள் யார் என்று தெரியுமா, நீங்கள் யார் என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பாதிக்கப்பட்டவனே பேச வேண்டும் என்றில்லை, பார்த்தவர்களும் வீட்டுக்காரர்களும் சொல்லலாம். புகாருக்கு ஒரு எண் கிடைத்தது. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அந்த எண்தான் எல்லாம் என்பேன். அதுவரை ‘எங்கள் கேம்பஸில் ராகிங்கே கிடையாது சார், பையனுக்கு உடம்பு வீக்’ என்று பேசிக்கொண்டிருந்த நிர்வாகம், புகார் மேலிருந்து வந்ததும் ஆன்டி ராகிங் கமிட்டியைக் கூட்டியது. 2009 யு.ஜி.சி. விதிமுறைப்படி, கிரிமினல் குற்றம் என்று பட்டால் கல்லூரித் தலைவர் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் எப்.ஐ.ஆர். போட வைக்க வேண்டும். வாய்மொழியாகப் போய் நின்றால் இந்தக் கடிகாரம் எப்போது ஓட ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது, புகார் எண் இருந்தால் தெரியும்.

இந்த ஏற்பாடு சும்மா வந்துவிடவில்லை. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்டபோது தமிழ்நாடே அதிர்ந்தது, அதற்குப் பிறகுதான் 1997-இல் இங்கே ராகிங் தடைச் சட்டம், இரண்டு ஆண்டு வரை சிறை. சுப்ரீம் கோர்ட் சொல்லி ஆர்.கே. ராகவன் கமிட்டி அறிக்கை கொடுத்தது 2007-இல். 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மாணவர் சீனியர்கள் அடித்ததில் இறந்தார், ஹெல்ப்லைன் அதற்கு அப்புறம்தான் வந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு உயிர்.

குறைகளுக்கு வருவோம். பெரிய குறை, புகார் சுற்றிச் சுற்றி அதே காலேஜிடம்தான் போகிறது, விசாரிப்பதும் அவர்கள்தான். எங்கள் விஷயத்தில் காலேஜ் ஆட்கள் அந்த ரூம்மேட்டின் அப்பாவை உட்கார வைத்து, இன்டர்னல் மார்க்கை ஜாடையாக நினைவுபடுத்தி, சமாதானமாகப் போய்விடுங்கள் என்றார்கள். அவர் கிட்டத்தட்ட கையெழுத்துப் போட்டிருப்பார், புகார் கொடுத்தது நான் என்பதால் தப்பித்தோம். அதனால் என் யோசனை, முடிந்தால் அந்த ஹாஸ்டலில் படுக்காத ஒருவர் போன் செய்யுங்கள்.

கல்வி நிலையங்களில் நடக்கும் வன்முறையை எதிர்க்கும் சேவ் என்ற அமைப்பு 2025-இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2022 முதல் 2024 வரை ஹெல்ப்லைனில் பதிவான புகார்கள் 3,156, அதே மூன்று வருஷத்தில் ராகிங் தொடர்பான மரணங்கள் 51. நாட்டில் உயர்கல்வி படிப்பவர்கள் 4 கோடிக்கு மேல். மூன்றாவது பட்டனைப் பார்க்காத பையன்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று நான் நம்பத் தயாரில்லை, கூப்பிடாமல் இருந்தவர்கள்தான் அதிகம்.

இன்னொன்றை ஹெல்ப்லைன்மேல் குறையாகச் சொல்வது நியாயமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்: இது புகார் வாங்கும் இடம், உயிர் காக்கும் வண்டி இல்லை. ஒருவன் தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தாலோ, குடிக்க வைத்ததில் எழுப்பினாலும் எழாமல் கிடந்தாலோ, முதல் போன் 108 அல்லது 112. தூங்கினால் தெளிந்துவிடும் என்று விடுவதுதான் ஆளைக் கொல்கிறது. மல்லாக்கப் படுக்க வைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 2017-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்படித்தான், குடிக்க வைக்கப்பட்டுப் படியில் விழுந்த மாணவரை வைத்துக்கொண்டு சுமார் 12 மணி நேரம் யாரும் போன் செய்யவில்லை, அவர் இறந்தார். அடுத்த ஆண்டு அந்த மாநிலம் கொண்டுவந்த சட்டத்தில், உதவிக்கு அழைத்து, வரும்வரை கூடவே இருப்பவருக்குப் பாதுகாப்பு கொடுத்தார்கள். நம் போர்டுகளில் தண்டனையெல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கிறது, சஸ்பென்ஷன், டிஸ்மிஸ், அபராதம். கூப்பிட்டவனை ஒன்றும் செய்ய மாட்டோம் என்ற வரியை நான் எந்த ஹாஸ்டல் சுவரிலும் பார்த்ததில்லை. வேடிக்கை பார்த்த இரண்டாம் வருஷப் பையன் ஏன் கூப்பிடுவான், சொல்லுங்கள்? அவனுக்குத் தானும் மாட்டிக்கொள்வோம் என்பதுதானே கண்முன் தெரிகிறது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். எடுக்கிறார்கள், எழுதிக்கொள்கிறார்கள், காலேஜை அசைக்கிறார்கள். அரை மார்க், ராத்திரியிலும் இயங்குவதற்காக. மீதி ஒன்றரை காலேஜ் கையில் மாட்டிக்கொண்டது.

போன் செய்யப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். வாட்ஸ்அப் குரூப்பை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெளியில் யாருக்காவது அனுப்பிவிட்டு அப்புறம் புகார் கொடுங்கள், ஒரு மணி நேரத்தில் எல்லாம் டெலீட் ஆகிவிடும். பையன் மனசு உடைந்து ஏடாகூடமாகப் பேசினால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம், அது தனி. ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டி டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எங்கள் பசங்கள் முதலில் ‘கிரிக்கெட் ஆடினான் சார்’ என்றுதான் சொன்னார்கள். டாக்டர் சிறுநீரைப் பார்த்துவிட்டு, எத்தனை தோப்புக்கரணம் என்று அவரே கேட்டார். ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், அதை அப்படியே எழுதினார், அதற்கு ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். கமிட்டியில் கடைசிவரை செல்லுபடியான காகிதம் அது ஒன்றுதான்.