கூரை சோலார்: பேனலை விடுங்கள், மீட்டரைக் கேளுங்கள்

தமிழ்நாட்டில் வீட்டு மாடியில் சோலார் போட நினைப்பவர்கள் பேனல் எந்த கம்பெனி, இன்வெர்ட்டர் எந்த கம்பெனி என்றுதான் விசாரிக்கிறார்கள். மின்வாரியத்தோடு எந்த முறையில் இணைக்கப் போகிறோம் என்று கேட்பவர் அரிது. பில்லில் பெரிய வித்தியாசம் விழுவதோ அங்கேதான்.

முறைகள் மூன்று. நெட் மீட்டரிங்கில் யூனிட்டுக்கு யூனிட் கழிவு: பகலில் வெளியே அனுப்பிய மின்சாரத்தை இரவில் வாங்கியதிலிருந்து கழித்து, மிச்சத்துக்கு மட்டும் பில். நெட் ஃபீட்-இன்னில் கழிப்பது யூனிட்டை அல்ல, ரூபாயை. வாங்கியதற்கு முழுக் கட்டணம். அனுப்பியதற்கு மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த குறைந்த விலை. கிராஸ் மீட்டரிங்கில் உற்பத்தி முழுவதும் அந்தக் குறைந்த விலைக்கு வெளியே போய்விடும். நம் கூரையில் விளைந்ததை நாமே நேரடியாகப் பயன்படுத்த முடியாது.

இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் செலவாகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பர் கட்டணப்படி பில் 3,650 ரூபாய் (பிறகு கட்டணம் சற்றுக் கூடியிருக்கிறது). 2 கிலோவாட் சோலார், கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்றால், 60 நாளில் 480 யூனிட் தரும். அதில் 192 யூனிட்டைப் பகலிலேயே வீடு எடுத்துக்கொள்கிறது, வெளியே போகும் யூனிட்டுக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நெட் மீட்டரிங்கில் பில் 315 ரூபாய்க்கு இறங்கும். நெட் ஃபீட்-இன்னில் 1,150. கிராஸில் 2,210. அதே பேனல், அதே வெயில்!

காரணம் நம் படிநிலைக் கட்டணம். முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் படி ஏற ஏற விலையும் ஏறும். நெட் மீட்டரிங் விலை கூடிய மேல்படி யூனிட்டுகளை முதலில் வெட்டுகிறது. அந்த 2022 கட்டணத்தில், 500 யூனிட்டைத் தாண்டினால் 2.25 ரூபாய்ப் படியே காணாமல் போய், 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ஆகிவிடும்.

நெட் ஃபீட்-இன் வீடு இந்த 500 என்ற கோட்டின்மீது கண் வைத்திருக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் அது வாங்குவது 508 யூனிட். இரவில் ஓடும் தண்ணீர் மோட்டாரை நண்பகலுக்கு மாற்றி எட்டே யூனிட்டைக் குறைத்தால், பில் 1,150-லிருந்து 885 ஆகிவிடும். துவைக்கும் இயந்திரம், கிரைண்டர் எல்லாவற்றையும் வெயில் நேரத்துக்குத் தள்ளலாம். நெட் மீட்டரிங் வீட்டுக்கு இந்தக் கவலை கிடையாது; எப்போது ஓட்டினாலும் ஒன்றுதான்.

ஆனால் மூன்றில் பிடித்ததை எடுத்துக்கொள்ள இது சாப்பாட்டுக்கடை அல்ல. 2019-இல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நெட் மீட்டரிங்கை எடுத்துவிட்டு நெட் ஃபீட்-இன்னைக் கொண்டுவந்தது. 2021-இல் வீடுகளுக்கு நெட் மீட்டரிங் திரும்பி வந்தது. கடைக்காரர்களுக்கு நெட் ஃபீட்-இன்தான் மிஞ்சியது. அதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. கடை பகலில்தானே இயங்குகிறது? விளைவதில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். பகலில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குத்தான் நெட் மீட்டரிங் உயிர்நாடி. எந்த முறை தனக்குக் கிடைக்கும் என்பதை முன்பணம் கொடுக்குமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்றையும் விற்பனையாளர்கள் மெதுவாகத்தான் சொல்கிறார்கள். பேட்டரி இல்லாமல் கிரிட்டோடு, அதாவது மின்வாரியக் கம்பியோடு, மட்டும் இணைந்த சோலார், மின்தடையின்போது தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியர் மீது நம் வீட்டு மின்சாரம் பாயக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. மூன்று முறைக்கும் இது பொது.

200 யூனிட்டுக்குள் அடங்கும் வீடாக இருந்தால் இந்த ஒப்பீடே வேண்டாம். 2 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 60,000 ரூபாய் மானியம் தருகிறது என்றாலும், அங்கே மிச்சம் பிடிக்க இருப்பது அதே 2022 கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு அதிகபட்சம் 225 ரூபாய்தான்.