மொட்டைமாடியில் 60 நாள் உருளைக்கிழங்கு: 2,480 ரூபாய் போச்சு, நீங்களும் ஏமாந்துவிடாதீர்கள்

போகி அன்றைக்கு எல்லோரும் பழையதைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். நான் மொட்டைமாடியில் ஐந்து பைகளைக் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். 2,480 ரூபாய் கொடுத்து வாங்கிய ‘60 நாள் உருளைக்கிழங்கு’ கிட்டின் அறுவடை. இரண்டு பையில் நாற்றமடிக்கும் சேறு. இரண்டு பையில் நட்ட கிழங்கு நட்டபடியே, தோல் சுருங்கி, ஒரு முளைகூட இல்லாமல். ஐந்தாவது பையில் மட்டும் ஒரே ஒரு செடி வந்திருந்தது. அதன் அடியில் கோலிக்குண்டு அளவில் நாலு கிழங்கு. சமையலறைத் தராசில் வைத்தேன், 62 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், கிராம் 40 ரூபாய்.

இன்னும் வயிறு எரிகிறது. அதனால் முன்னே பின்னேதான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வக்கீல் நோட்டீஸ் விடுவோம் என்று ஏற்கெனவே மிரட்டியிருக்கிறார்கள். பெயரைச் சொன்னாலும் அடுத்த மாதம் வேறு பெயரில் வருவார்கள். வகையை மட்டும் சொல்கிறேன்: ரீல்ஸ் வீடியோவில் மாடித்தோட்டத்தைக் காட்டி, வாட்ஸப்பில் ஆர்டர் எடுத்து, கூரியரில் அனுப்பும் ஆன்லைன் விதைக்கடை. சென்னையில் உருளை வைக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று இதற்குள் நான் தெரிந்துகொண்டதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் தோட்டத்துக்குப் புதுசு இல்லை. பெரம்பூரில் எங்கள் மாடியில் ஆறு வருடமாகக் கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை எல்லாம் வைக்கிறேன். புடலைக்குப் பந்தல்கூட இருக்கிறது. உருளைதான் ரொம்ப நாள் ஆசை. சமையலறையில் முளைவிட்ட கிழங்கை இரண்டு முறை தொட்டியில் புதைத்துப் பார்த்தேன். தளதளவென்று இலை வந்தது, கிழங்கு வரவில்லை. ‘இந்த ஊரில் அது வராதும்மா’ என்று மாமியார் அப்போதே சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் 2,480 ரூபாய் பீரோவில் இருந்திருக்கும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்த வீடியோ வந்தது. ஒரு பெண் பையைக் கவிழ்க்கிறாள், கிழங்கு பொலபொலவென்று கொட்டுகிறது. ‘சென்னை வெயிலுக்கென்றே சீக்கிரம் முற்றும் ரகம். தீபாவளி முடிஞ்சதும் நடுங்க, பொங்கல் குழம்புக்குத் தோண்டுங்க.’ பொங்கல் குழம்புக்கு எங்கள் வீட்டில் சேனை, சிறுகிழங்கு, வள்ளிக்கிழங்குதான் போடுவோம், உருளையைச் சேர்க்கமாட்டோம். அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சரி, எந்த இடத்தில் நம்பினேன் என்று திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். வீடியோவை நம்பவில்லை. அதில் கொட்டிய கிழங்கு பைக்குள் ஏற்கெனவே போட்டு வைத்தது என்று என் மகன் பார்த்தவுடனே சொல்லிவிட்டான். நான் நம்பியது போனில் பேசிய பையனை. விவரம் கேட்டு மெசேஜ் போட்ட அரைமணி நேரத்தில் அவனே கூப்பிட்டான். வாய்க்கு வாய் அக்கா. எடுத்தவுடன் விலையைச் சொல்லவில்லை. ‘மாடியில எந்தப் பக்கம்க்கா வெயில் விழுது?’ என்றான். கிழக்கு, மத்தியானம் வரைக்கும் என்றேன். ‘தண்ணி மெட்ரோவா, போரா?’ போர், கொஞ்சம் உப்பு என்றேன். ‘அப்ப மழைத்தண்ணி பிடிச்சு வெச்சு ஊத்துங்கக்கா, உருளைக்கு உப்பு ஆகாது’ என்றான். இவ்வளவு கேட்கிறானே, விவரம் தெரிந்த பையன்தான் என்று தோன்றியது. அம்மா மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் தரம் பிரிக்கிறவராம். மண்டி அங்கே இருப்பது எனக்கும் தெரியும். தெரிந்த ஒரு உண்மையை ஒட்டிச் சொன்னால் பொய்யும் உண்மை மாதிரியே காதில் விழுகிறது.

நான் பத்துப் பை கிட் கேட்டேன். அதற்கு அவன் சொன்னதுதான் என்னைக் கவிழ்த்தது. ‘பத்து வேணாம்க்கா. முதல்ல அஞ்சு போட்டுப் பாருங்க. நல்லா வந்தா தை மாசம் கூப்பிடுங்க. உங்க காசு வீணாகக் கூடாது.’ அதிகம் விற்க வேண்டியவன் குறைத்து வாங்கச் சொல்கிறான்! அப்புறம் யோசிக்கவே இல்லை. கிட் 2,250, கூரியர் 230, மொத்தம் 2,480. ஜிபேயில் போட்டுவிட்டேன். கேஷ் ஆன் டெலிவரி உண்டா என்று கேட்டதற்கு, ‘உயிருள்ள பொருளுக்கு அது கிடையாதுக்கா’ என்றான். அதையும் ஒரு பெரிய தத்துவம் மாதிரி கேட்டுக்கொண்டேன்.

பார்சலில் ஒரு கிலோ கிழங்கு, ஐந்து பை, ஒரு பொட்டலம் உரம், ‘கிழங்கு பெருக்கி’ என்று ஒரு பாட்டில் இருந்தது. கிழங்கெல்லாம் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. உறையில் ‘குஃப்ரி சந்திரமுகி, முளைப்புத்திறன் 100%’ என்று ஒரு ஸ்டிக்கர். குஃப்ரி என்றால் என்ன என்று கேட்டேன். ‘அது எங்க கம்பெனி பிராண்டுக்கா’ என்றான். பிறகுதான் தெரிந்தது, குஃப்ரி சிம்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் ரகங்களுக்கெல்லாம் அந்தப் பெயரை முன்னால் வைக்கிறார்கள். சந்திரமுகி 1968-ல் வந்த, சீக்கிரம் முற்றுகிற அசல் ரகம்தான். ஆனால் அது வட இந்தியாவின் குளிர்காலத்துக்கான ரகம். அங்கேயே 60 நாளில் தோண்டினால் விரலால் தேய்த்தால் தோல் உரியும் இளங்கிழங்குதான் கிடைக்கும். முற்றிய கிழங்குக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் விட வேண்டும்.

நவம்பர் இரண்டாவது வாரம் நட்டேன். பைக்கு மூன்று கிழங்கு, பதினைந்து போக நாலைந்து மிச்சம் இருந்தது. மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு எல்லாம் சொந்தச் செலவு. அதை 2,480-ல் சேர்க்கவில்லை. மழைக்காலம் வேறு. பெருமழை வரும்போதெல்லாம் பைகளை இழுத்து இழுத்து ஷீட்டுக்கு அடியில் வைத்தேன். இடுப்பு விட்டுப்போனது.

பன்னிரண்டாம் நாள் முளை காணோம் என்று மெசேஜ் போட்டேன். ‘பொறுமைக்கா, சில கிழங்கு தூங்கும்.’ இருபதாம் நாள் போட்டோ அனுப்பினேன். ‘தண்ணி அதிகம் விட்டிருக்கீங்கக்கா.’ ஒரு வாரம் கழித்து மேல்மண் காய்ந்த இன்னொரு பையின் போட்டோ அனுப்பினேன். ‘தண்ணி பத்தலைக்கா.’ இரண்டு பதிலும் ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதை அவனாவது படித்தானா தெரியவில்லை. முப்பதாம் நாள் ஒரு பையைக் கிளறினால் கை முழுக்கக் கூழ். வீடியோ எடுத்து அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அன்றைக்குத்தான் முதன்முறையாக ‘மேடம்’ என்றான். ‘மேடம், உங்க புகார் டெக்னிக்கல் டீமுக்கு அனுப்பப்பட்டது.’ அக்கா அதோடு முடிந்தாள்.

டெக்னிக்கல் டீம் என்று கூப்பிட்ட பெண்மணி, மண்ணைப் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். ‘அப்ப எங்க பொறுப்பு இல்ல மேடம்.’ அடுத்த முறை, பார்சல் வந்த 7 நாளுக்குள் புகார் செய்திருந்தால்தான் பணம் திரும்பும் என்றார். முளைக்கவே பதினைந்து இருபது நாள் ஆகும் என்று நீங்களே ஸ்டிக்கரில் போட்டிருக்கிறீர்களே, 7 நாளில் நான் எதைப் பார்த்துப் புகார் செய்வது என்று கேட்டேன். போன் கட்டாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து ஒரு கூப்பன் வந்தது: அடுத்த ஆர்டரில் 200 ரூபாய் தள்ளுபடி! என்னுடைய 2,480 ரூபாய்க்குப் பதில் 200 ரூபாய், அதையும் அவர்களிடமே செலவழிக்க வேண்டும். ‘உங்க காசு வீணாகக் கூடாது என்று சொன்ன தம்பி எங்கே?’ என்று அந்த வீடியோவுக்குக் கீழே எழுதினேன். ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். வேறு எண்ணிலிருந்து கேட்டபோதுதான் அந்த வக்கீல் நோட்டீஸ் மிரட்டல்.

மிச்சமிருந்த கிழங்கை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனைக் காய்கறிக்கடை அண்ணாச்சியிடம் போனேன். கையில் உருட்டிப் பார்த்தார். ‘ஆக்ரா கிழங்கும்மா இது, சமையலுக்கு. என்கிட்டயே மூட்டை இருக்கே’ என்று சாக்கிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அச்சு அசல் அதேதான். அன்றைக்கு அவர் கடையில் கிலோ 35 ரூபாய். குளிர்பதனக் கிடங்கில் வைக்கும் சமையல் கிழங்குக்கு முளை வராமலிருக்க மருந்து அடிப்பது உண்டு. என் இரண்டு பையில் கிழங்கு கல்லு மாதிரி கிடந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு கூத்து. கிழங்கு ஊட்டித் தோட்டத்திலிருந்து நேராக வருகிறது என்று அவன் பெருமையடித்திருந்தான். நீலகிரி உருளை வயல்களில் வேரைத் தாக்கும் நூற்புழு இருப்பதை 1961-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அது பரவக் கூடாது என்பதற்காக அங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆக அவன் சொன்னது உண்மையாக இருந்தால் அது குற்றம், பொய்யாக இருந்தால் மோசடி.

எனக்குத் தெரியாமல் போன அடிப்படை விஷயம் ஒன்று உண்டு, அதில் என் தப்பும் இருக்கிறது. உருளைச் செடிக்குப் பகல் வெயில்கூடப் பெரிய தொல்லை இல்லை, இரவுதான் முக்கியம். இரவு 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் செடி ஒழுங்காகக் கிழங்கு கட்டும். இல்லாவிட்டால் செய்கிற சத்தில் பெரும்பங்கை இலைக்கும் தண்டுக்குமே கொடுத்துவிடும். சென்னையில் டிசம்பர், ஜனவரி இரவுகளிலேயே சராசரி 21, 22 டிகிரி. நவம்பரில் அதற்கும் மேலே. என் பழைய தொட்டியில் இலையாக வந்ததும், இந்த ஐந்தாவது பையில் இரண்டடிச் செடிக்கு 62 கிராம் கிழங்கு வந்ததும் இதனால்தான். வெப்பம் தாங்குகிற ரகம் என்று 2006-ல் குஃப்ரி சூர்யா வந்திருக்கிறது. ‘சென்னை வெயிலுக்கென்றே’ என்று விற்றவன் அதன் பெயரையாவது போட்டு ஏமாற்றியிருக்கலாம். அந்த அளவுக்குக்கூட வீட்டுப்பாடம் செய்யவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். எண் கொடுத்திருக்கிறார்கள், பார்க்கலாம். 2,480 ரூபாய்க்கு எதற்கு இந்த அலைச்சல் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். அந்தப் பையன் நம்பியிருப்பதும் இதைத்தான். 2,480 ரூபாய்க்கு யார் அலைவார்கள் என்று.

விவரமாக எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன், இப்போது நினைத்துப் பார்த்தால் எழுத அவ்வளவு இல்லை. முன்பணம் போடாதீர்கள். விதைக்கிழங்கு என்று விற்றால் அட்டையைக் கேளுங்கள், அரசு சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை இருக்கும், அதில் குவியல் எண்ணும் (லாட் நம்பர்) பரிசோதனைத் தேதியும் இருக்க வேண்டும். வெறும் ஸ்டிக்கர் என்றால் திருப்பி அனுப்புங்கள். கண்ணில் முளை எட்டிப் பார்க்காத கிழங்கை நடாதீர்கள். சென்னையில் வைத்தே தீருவேன் என்றால் பெருமழை ஓய்ந்து டிசம்பரில் வையுங்கள், பைக்கு அடியில் ஓட்டை போடுங்கள், கால் கிலோ கிடைத்தாலே சந்தோஷப்படுங்கள். ‘அக்கா’ என்று கூப்பிடுகிறவனிடம் இரண்டு மடங்கு கேள்வி கேளுங்கள்.

அப்புறம் முக்கியமானது, எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். தராசில் 62 கிராம் காட்டியபோது நான் எடுக்கவில்லை. மறுநாள் எடுக்கலாம் என்று அந்த நாலு கிழங்கையும் கிண்ணத்தில் வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. ‘சாம்பாரில் போட்டுட்டேம்மா, வீணாப் போகுமேன்னு’ என்கிறார் மாமியார்.