கெரட்டோகோனஸுக்கு சாஃப்ட் லென்ஸ் வாங்கப் போகிறீர்களா? என் 18,500 ரூபாய் போன கதை

கடைக்காரர் என் போனை கட் பண்ணிய கையோடு எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கண்ணிலும் எனக்குக் கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து கூம்பு போலத் துருத்திக்கொண்டிருக்கும். கண்ணாடி போட்டாலும் எழுத்து இரண்டு மூன்றாகத்தான் தெரியும். இத்தனை நாள் செமி சாஃப்ட் லென்ஸ் (கொஞ்சம் விறைப்பான கான்டாக்ட் லென்ஸ்) போட்டு வந்தேன். பார்வை அருமை. ஆனால் பைக்கில் போகும்போது ஒரு தூசி உள்ளே புகுந்தால் போதும், வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழ வேண்டியதுதான்.

எங்கள் ஊர் கண்ணாடிக் கடை ஒன்றில் இதைச் சொன்னேன். பெயர் வேண்டாம், பெரிய போர்டு, ஏசி, உள்ளேயே கண் பரிசோதனை அறை. "கெரட்டோகோனஸுக்குன்னே சாஃப்ட் லென்ஸ் இருக்குங்க தம்பி, உங்க கண்ணு அளவுக்குச் செஞ்சு வரும், ஒரு வருஷம் போடலாம்" என்றார் உரிமையாளர். அப்படி ஒரு லென்ஸ் இருப்பது உண்மைதான். என் கருவிழிப் படத்தை வாங்கி, வலது கண் 54, இடது கண் 47 என்று வளைவு ரீடிங்கைச் சத்தமாகப் படித்தார். விஷயம் தெரிந்தவர் என்று முழுப் பணமும் கொடுத்தேன். 18,500 ரூபாய்.

வந்தது இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பி. மேலே பேனாவால் வலது, இடது என்று எழுதிய ஸ்டிக்கர். கம்பெனி பெயர் இல்லை, காலாவதி தேதி இல்லை. போட்டால் அதே பழைய நிழல் எழுத்து. "கண்ணு பழகணுங்க" என்றார். அப்புறம் "கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கோம்". அப்புறம் ஓனர் எப்போது கேட்டாலும் வெளியூர். கடைசியில் கவுன்டர் பையன், "குப்பியத் திறந்துட்டா ரிட்டர்ன் கிடையாது சார்." திறக்காமல் எப்படியய்யா கண்ணில் போடுவது?

கண் சிவந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. லென்ஸ் ஓரத்தில் இருந்த கோட்டைப் பார்த்தே அங்கே சொல்லிவிட்டார்கள்: பெட்டியில் வரும் சாதாரண மாதாந்திர டோரிக் லென்ஸ், அதாவது சிலிண்டர் பவருக்கு எல்லோரும் போடுவது. என் கண் இரண்டும் வேறு வேறு வளைவு, லென்ஸ் இரண்டும் ஒரே வளைவு, 8.6 மி.மீ.! கெரட்டோகோனஸ் சாஃப்ட் லென்ஸ் நடுவில் தடிமனாக இருக்கும். அதனால்தான் கூம்பின் கோணலை ஓரளவு மறைக்கும். மெல்லிய லென்ஸோ மேடுபள்ளத் தரையில் போட்ட ஈரத்துணி மாதிரி அப்படியே படிந்து, அதே கோணலைத்தான் காட்டும். பணத்தை விடுங்கள், ஒரு மாதத்தில் தூக்கிப் போட வேண்டியதை வருஷம் முழுக்கப் போடச் சொல்லியிருக்கிறார்கள். கிருமி தொற்றினால் கண் யாருடையது?

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ட்ரயல் லென்ஸ் போட்டு, அரைமணி நேரமாவது உட்காரவைத்து, பார்வையைச் சோதிக்காமல் ஆர்டர் எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ரசீதில் லென்ஸ் பெயர், வளைவு, பவர் எழுதி வாங்குங்கள். என் ரசீதில் "லென்ஸ் 1 ஜோடி 18,500" என்று மட்டும் இருக்கிறது. கம்பெனி சீல் உடைந்த குப்பியைக் கையாலும் தொடாதீர்கள். தடிமனான லென்ஸில் கண்ணுக்குக் காற்று குறைவாகத்தான் போகும், அதனால் நல்ல லென்ஸே கிடைத்தாலும் செக்கப்பை விடாதீர்கள்.

1915 நுகர்வோர் எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். 18,500 ரூபாயில் ஒரு பைசா இன்னும் வரவில்லை.