வெள்ளத் தொண்டு நேரம்: தாளில் எழுதுவதா, கைப்பேசியில் பதிவதா?

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் கொட்டித் தீர்த்த மழைக்கு அப்புறம், பட்டர்வொர்த்தில் எங்கள் கோயில் இளைஞர் குழு பத்து நாள் வீடு வீடாகச் சேறு வாரியது. யார் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. பின்னால் அந்த வீடுகளைப் பழுதுபார்க்க நன்கொடை கேட்டுப் போனபோது, "உங்கள் ஆட்கள் எவ்வளவு உழைப்பு போட்டார்கள், கணக்கு இருக்கிறதா?" என்றார்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்த படங்கள்தான் இருந்தன. வெறுங்கையோடு திரும்பினோம். ஆள் திரட்டப் புலனம் போதும், கணக்குக்கு அது உதவாது.

அடுத்த வெள்ளத்தில் கூகுள் படிவம் வைத்தோம். கூட்டல் தானாக நடக்கும், கையெழுத்து புரியாமல் முழிக்க வேண்டாம். வரும்போது எல்லோரும் நிரப்பினார்கள். போகும்போதுதான் சிக்கல். கை முழுக்கச் சேறு, கைப்பேசி பிளாஸ்டிக் பைக்குள், பலருக்குச் சார்ஜும் இல்லை. நாற்பது பேர் வந்த ஞாயிற்றுக்கிழமை, பத்துப் பேருக்குக்கூடப் புறப்பட்ட நேரம் பதிவாகவில்லை. ராத்திரி நினைவூட்டியதும் ஆளாளுக்கு "மாலை 5" என்று போட்டார்கள். அப்படி ஒரே எண் வரிசையாக நின்றால் யார்தான் நம்புவார்?

இப்போது தாள்தான். மண்வெட்டி, துடைப்பம், ரப்பர் காலணி எல்லாம் கொடுத்து வாங்கும் மேசையிலேயே பதிவேடு இருக்கும், பேனாவை ராஃபியா கயிற்றில் கட்டியிருப்போம். பொருளைத் திருப்பித் தராமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை, அதனால் புறப்படும் நேரம் தப்புவதில்லை. பக்கத்தில் மேற்பார்வையாளர் கையெழுத்து போடுவார்.

செய்த வேலைக்கும் தனிக் கட்டம் உண்டு. அமெரிக்காவில், அதிபர் பேரிடர் என்று அறிவித்த பகுதியில் தகுதியுள்ள பொதுச் சீரமைப்புச் செலவில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் அந்நாட்டு மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமா தருகிறது. உள்ளூர் தரப்பு தர வேண்டிய மீதிப் பங்கில் தன்னார்வலர் உழைப்பைப் பணமாக மதிப்பிட்டுக் கழித்துக்கொள்ளலாம். அதே வேலைக்கு அந்த ஊரில் வழக்கமாகக் கொடுக்கும் கூலிதான் அளவு, அதனால் பெயர், நாள், நேரம், இடம், வேலை எல்லாம் பதிவில் வேண்டும். அது அந்த நாட்டு விதி, ஆனாலும் எங்கள் கட்டங்களை அதைப் பார்த்துத்தான் போட்டோம். சேறு வாரியவருக்கும் வயரிங் சரிபார்த்தவருக்கும் கூலி ஒன்றில்லையே. "உதவி" என்று மட்டும் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

தாளில் வேலை கூடத்தான். தினமும் பக்கங்களைப் படம் எடுத்து வைக்கிறோம், அக்கா மகள் இரவில் உட்கார்ந்து எக்செலில் ஏற்றுகிறாள். ஐம்பது பேருக்கு மேல் நாங்கள் ஒரு நாளும் சமாளித்ததில்லை. இருநூறு பேர், நாலைந்து இடம் என்றால் வருகைக்குக் கியூஆர் குறியீடு தேவைப்படலாம். அப்போதும் புறப்படும் நேரத்தை அந்த மண்வெட்டி மேசையில்தான் வாங்குவேன்.

அப்புறம், மை கரையும் பேனா வைக்காதீர்கள். ஈரக் கை பட்டு ஒரு முழுப் பக்கம் எங்களுக்கு அழிந்துபோயிருக்கிறது. பால்பாயிண்ட் போதும்.