புது எக்ஸ்1-ஆ, ஓடிய எக்ஸ்7-ஆ? விலையை விடுங்கள், சஸ்பென்ஷனைப் பாருங்கள்

புது பிஎம்டபிள்யூ எக்ஸ்1 எடுப்பதா, இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து நான்கைந்து வருடம் ஓடிய எக்ஸ்7 எடுப்பதா? இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. இரண்டும் செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி ஆலையில் பூட்டப்படுபவை. நான் தேர்ந்தெடுத்தது எக்ஸ்1. கேட்பவர்களுக்கும் அதையே சொல்வேன்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். எக்ஸ்7-இல் ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர் என்ஜின். எக்ஸ்1 பெட்ரோலில் மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர், 136 குதிரைத்திறன். நாற்கரச் சாலையில் இரண்டுக்கும் போட்டியே இல்லை. மூன்றாவது வரிசையில் பெரியவர்களை உட்கார வைத்துத் தூரப் பயணம் போக எக்ஸ்7-இல்தான் முடியும். ஆனால் அடுக்ககங்களில் வழக்கமாகத் தரும் பார்க்கிங் இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். 2019-இல் வந்த எக்ஸ்7-இன் நீளம் 5,151 மி.மீ., அகலம் 2,000 மி.மீ. நடுவில் சரியாக நிறுத்தினாலும் மூக்கோ வாலோ கோட்டைத் தாண்டும். பக்கத்துக்கு 25 செ.மீ.தான் மிஞ்சும், ஒரு பக்கம் தூண் இருந்தால் அந்தக் கதவு வழியாக இறங்க முடியாது. எக்ஸ்1 நான்கரை மீட்டர்தான்.

இதெல்லாம் சமாளித்துக்கொள்ளக் கூடியது. முடிவைத் தீர்மானிக்க வேண்டியது பராமரிப்புச் செலவு, குறிப்பாக எக்ஸ்7-இன் ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றால் வண்டியைத் தாங்கும் அமைப்பு. 2019 ஜூலையில் 98.90 லட்சம் ஷோரூம் விலையில் வந்த வண்டி அது. வருடம் போகப் போக வண்டியின் விலைதான் இறங்குகிறது, உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை. வாரண்டி முடிந்த பிறகு கோடி ரூபாய் வண்டியின் பில்தான் கைக்கு வரும்.

எக்ஸ்7-இல் நான்கு சக்கரத்துக்கும் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. காற்று நிரப்பிய ரப்பர் பைகள்தான் எடையைத் தாங்குகின்றன. வண்டி ஏறி இறங்கும்போது பையின் அடிப்பகுதி மடிந்து மடிந்து விரியும். அந்த மடிப்பில் மண்ணும் தூசியும் சேர்ந்து ரப்பரை அரிக்கும், வெயில் காய வைக்கும், கடைசியில் மயிரிழை போல வெடிப்பு விடும். காற்று மெல்லக் கசியும். ஓட்டும்போது ஒன்றும் தெரியாது, ஏனென்றால் பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். அதுதான் ஆபத்து. அந்தக் கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. ஓயாமல் ஓடினால் சூடேறி, பிஸ்டன் ரிங் தேய்ந்து, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் நனைந்துபோகும். ஈரம், காற்றை ஒவ்வொரு பைக்கும் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்குக்குள் போனால் அதுவும் துருப்பிடிக்கும். கசிவை அடைக்காமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதுசும் அதே வழியில் போகும். பின்பக்கம் பையைத் தனியாக மாற்றலாம்; முன்பக்கம் ஷாக் அப்சார்பரோடு சேர்ந்த ஒரே பாகம் என்பதால் அங்கேதான் பில் எகிறும்.

எக்ஸ்1-இல் சாதாரண காயில் ஸ்பிரிங். பள்ளத்தில் அடிவாங்கினால் இணைப்புக் கம்பியான லிங்க் ராடு, ரப்பர் புஷ் போகும். அவை தேய்மானப் பாகங்கள், மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

டயரிலும் இதே கதை. எக்ஸ்7-இல் 22 அங்குலச் சக்கரம் என்றால் முன்னுக்கு 275/40, பின்னுக்கு 315/35, அதாவது பின் டயர் அதிக அகலம். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டிக்க வழியில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால், பாதி தேய்ந்த டயர்களோடு ஒரு புது டயரைச் சேர்த்தால் சுற்றளவு வித்தியாசம், என்ஜின் சக்தியை முன்பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தேய்க்கும். ஆணி குத்தியது ஒரு டயரில், செலவு பெரும்பாலும் இரண்டுக்கு. இங்கே விற்கும் எக்ஸ்1 முன்சக்கரம் மட்டும் இழுப்பது. 225/55, 18 அங்குலம், நான்கும் ஒரே அளவு. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டால் சீராகத் தேயும்.

எக்ஸ்1-இல் என் தயக்கம் கியர்பாக்ஸில்தான். ஏழு கியர் இரட்டை கிளட்ச். ஊர்ந்து போகும் நெரிசலில் எக்ஸ்7-இன் எட்டு கியர் டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் ஆட்டோமேட்டிக்) அளவுக்கு வழுவழுப்பு இல்லை. இந்தத் தலைமுறை இந்தியாவுக்கு வந்ததே 2023 ஜனவரியில். கிளட்சின் நீண்டகால ஆயுளைப் பற்றி அடித்துச் சொல்ல இன்னும் சில வருடம் ஆகட்டும். நெரிசலில் பிரேக்கை லேசாக விட்டு விட்டு ஊர்வதைவிட, இடைவெளி விழும் வரை நின்று, பிறகு நகர்வது கிளட்சுக்கு நல்லது.

வீட்டில் எப்போதும் ஆறு பேர் சேர்ந்து போகிறவர்கள் என்றால் எக்ஸ்7 எடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு ராத்திரி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். நான்கு மூலையிலும் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யாமல், கதவைக்கூடத் திறக்காமல், மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் ஒரு விரற்கடை இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. பிறகு சஸ்பென்ஷனை முழு உயரத்துக்கு ஏற்றிவிட்டு, மடிப்பு விரிந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி எங்கே என்று காட்டிக்கொடுக்கும். அந்தப் பையோடு கம்ப்ரசரும் எவ்வளவு களைத்திருக்கிறது என்று பார்த்து, இரண்டுக்குமான எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கி, விலையில் கழித்துப் பேசுங்கள்.