388 என்று எழுதிய பற்றரிக்குள் ஐந்தே கலங்கள்: இம்பக்ட் ரென்ச் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டில் நிற்கும் வானுக்கும் உழவு இயந்திரத்துக்கும் சில்லுக் கழற்றிப் பூட்டுவதற்கென்று வவுனியாவில் நான் வாங்கிய பற்றரி இம்பக்ட் ரென்ச் (இறுகிய நட்டுகளை அடித்தடித்துச் சுழற்றும் கருவி) போலிப் பொருள். அதை விற்றவர்கள் போலி என்று தெரிந்தே விற்றார்கள்; திருப்பிக் கொண்டுசென்றபோது பணமும் தரவில்லை, மாற்றுப் பொருளும் தரவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அதே நிறப் பெட்டியில், அதே இலக்கங்களுடன் இந்தப் பொருள் வேறு கடைகளிலும் முகநூல் விளம்பரங்களிலும் தாராளமாக விற்கப்படுகிறது. ஆகவே ஒரு கடையைத் தவிர்த்துவிட்டால் போதும் என்ற நிலை இல்லை. பொருளையே அடையாளங்காணத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், இந்தக் கருவி நமக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளியவளை, ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கங்களில் உள்வீதிகளில் பல இன்னும் கிரவல் வீதிகள்தான். மாரியில் சேறும் கோடையில் செம்மண் தூசியும் சில்லு நட்டுகளின் புரிகளுக்குள் இறங்கி இறுகிவிடுகின்றன. சேற்றுழவுக்கு உழவு இயந்திரத்தின் பின்சில்லைக் கழற்றி இரும்புச் சில்லுப் பூட்டுபவர்களுக்கு அது எவ்வளவு உடல்வருத்தமான வேலை என்று தெரியும். காற்றில் இயங்கும் கருவி நல்லதுதான் என்றாலும், அதற்குப் பெரிய கொம்பிரசர் வேண்டும். அதை வயலுக்கோ வீதியோரத்துக்கோ தூக்கிச் செல்ல முடியாது. எனவே பற்றரியில் இயங்கும் கருவி வாங்குவது ஆடம்பரமல்ல, நியாயமான தேவை. சுயதொழிற்கடன் எடுத்துச் சிறிய ரயர் ஒட்டும் கடை தொடங்கும் இளைஞர்கள் முதலில் வாங்கும் பொருள்களுள் இதுவும் ஒன்று. அவர்கள் ஏமாறக்கூடாது என்பதே எனக்கு இருக்கும் பெரிய கவலை.

கடையில் நான் கேட்டவை தெளிவான கேள்விகள். அசல் பொருளா, மோட்டார் பிரஷ்லெஸ் (கரித்துண்டு இல்லாத) வகையா, நட்டைச் சுழற்றும் முறுக்குவிசை எவ்வளவு, உத்தரவாதம் உண்டா என்று கேட்டேன். விற்பனையாளர், "அண்ணை, இது ஒறிஜினல்தான், டுபாய் ஸ்ரொக். கொம்பனி மூலமா வராததாலதான் விலை குறைவு. வேலை செய்யாட்டிக் கொண்டு வாங்கோ, மாத்தித் தாறம்" என்றார். பெட்டியில் 388 விஎஃப் என்றும் 980 நியூட்டன் மீற்றர் என்றும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. கருவியின் நிறமும் வடிவமும் மகிட்டா நிறுவனத்தின் கருவிகளை அச்சொட்டாகப் பின்பற்றியிருந்தன. இரண்டு பற்றரி, ஒரு சார்ஜர், நட்டின்மேல் பொருத்தும் பளபளக்கும் சொக்கற்றுகள் சில, எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். பற்றுச்சீட்டில் "டூல் செற் 1" என்று மட்டும் எழுதினார்கள். மாதிரி இலக்கத்தை எழுதும்படி கேட்டபோது, கணினியில் அப்படித்தான் வரும் என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு பற்றரிகளையும் முழுமையாக ஏற்றியபின், வானின் பின்சில்லு நட்டில் 21 மில்லிமீற்றர் சொக்கற்றைப் பொருத்தி விசையை அழுத்தினேன். கருவி கடகடவென்று அடித்தது. நட்டு அசையவில்லை. தொடர்ந்து அழுத்தியபோது சத்தம் தளர்ந்து, மோட்டாரின் பின்பக்கக் காற்றுத் துளைகளினூடாக நீலநிறத் தீப்பொறி தெரிந்தது. பிரஷ்லெஸ் மோட்டாரில் கரித்துண்டுகள் உரசுவதில்லை. எனவே இயங்கும்போது அத்தகைய பொறி பறக்க வழியில்லை. பிரஷ்லெஸ் என்று சொன்னது பொய் என்பதற்கு எனக்குக் கிடைத்த முதலாவது சான்று அதுதான்.

பின்னர் அரை மீற்றர் நீளமான கைப்பிடிச் சாவியை அதே நட்டில் கிடையாகப் பொருத்தி, அதன் நுனியில் ஏறி நின்றேன். நட்டு இளகியது. எனது நிறை 70 கிலோ. அரை மீற்றர் நீளத்தில் அந்த நிறை தரும் முறுக்குவிசை ஏறத்தாழ 340 நியூட்டன் மீற்றர். அதாவது, 980 தரும் என்று எழுதிய கருவியால் 340க்குள் இளகும் நட்டைக்கூட அசைக்க இயலவில்லை. வாங்கப்போகும் எவரும் இந்தக் கணக்கைக் கடைவாசலிலேயே செய்து பார்க்கலாம்: நிறையை 9.8 ஆல் பெருக்கி, சாவியின் நீளத்தை மீற்றரில் எடுத்து மீண்டும் பெருக்கினால் போதும்.

கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்த அயலவர் ஒருவரிடம் அசலான மகிட்டா டி.டி.டபிள்யூ. 300 இருக்கிறது. அதன் உற்பத்தியாளர் குறிப்பிடும் இறுக்கும் விசை 330 நியூட்டன் மீற்றர், இறுகிய நட்டை இளக்கும் விசை 580. அதே சில்லின் அடுத்த நட்டில் அவர் அதை வைத்தார். சில விநாடிகளில் நட்டு சுழன்று வெளியே வந்தது. பெட்டியில் போட்ட எண்ணை மட்டும் பார்த்தால் என்னுடையது அவருடையதைவிட மிகப் பலமானது. உண்மையில் 1000 நியூட்டன் மீற்றர் தரும் பற்றரிக் கருவிகள் இருக்கின்றன, மகிட்டாவின் டி.டி.டபிள்யூ. 1002 அத்தகையது. ஆனால் அது பற்றரியுடன் 3 கிலோவுக்கு மேல் நிறையுள்ளது. இந்தக் கருவிக்குள் மோட்டார் ஒரு சுத்தியலைச் சுழற்ற, வில்லுச்சுருளின் உதவியோடு அந்தச் சுத்தியல் முனைத்தண்டை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை அடிக்கிறது. அடியின் பலம் அந்த இரும்பின் நிறையிலிருந்தும் வேகத்திலிருந்தும் வருவது. கையில் எடுத்தவுடன் இலேசாக இருக்கும் கருவி ஆயிரம் தரும் என்று எவராவது சொன்னால் அவரை நம்ப வேண்டியதில்லை.

நிறைபற்றிய இந்த ஐயம் வந்த பின்னரே பற்றரியைத் தராசில் வைத்தோம். அசலான 18 வோல்ட், 5 அம்பியர் மணிப் பற்றரி 630 கிராம் அளவில் இருக்கும். என்னுடையது 400 கிராமையும் எட்டவில்லை. கைத்தொலைபேசி திருத்தும் நண்பர் ஒருவர் திருகாணிகளைக் கழற்றி அதைத் திறந்தார். உள்ளே பத்துக் கலங்கள் வைப்பதற்கான பிளாஸ்ரிக் தாங்கி இருந்தது. கீழ்வரிசையில் ஐந்து கலங்கள், மேல்வரிசையில் ஐந்து வெற்றுக் குழிகள். இருந்த கலங்களிலும் ஒன்றில் பழைய பற்றாசுத் தடம் தெளிவாகத் தெரிந்தது. அது வேறெங்கோ பாவித்துக் கழற்றப்பட்ட கலம். வேறொன்றின் உறை நிறமே வேறாக இருந்தது. கலங்கள் ஆடாதிருப்பதற்காக நடுவில் ஒரு துண்டுக் கடற்பஞ்சை அடைத்திருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்குக் கோபத்தைவிட வேதனையே அதிகமாக இருந்தது, ஏனெனில் இதைத் தயாரித்தவர்கள், வாங்குபவன் திறந்து பார்க்கமாட்டான் என்ற நம்பிக்கையில்தான் இப்படிச் செய்திருக்கிறார்கள்.

இதில் உள்ள தொழில்நுட்பத்தை விளக்குவது அவசியம். இத்தகைய பற்றரிகளில் 18650 எனப்படும், 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட இலித்தியம் கலங்கள் பயன்படுகின்றன. ஒரு கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுமையாக ஏறும்போது 4.2 வோல்ட். ஐந்தைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட், முழுதாக ஏறியபோது 21 வோல்ட். ஆகவே 18 என்றும் 20 என்றும் 21 என்றும் எழுதப்படும் பற்றரிகள் எல்லாம் ஒரே வகையானவையே. 388 வோல்ட்டைத் தருவதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட கலங்கள் வேண்டும். அது கைக்கருவியில் அடங்காது. அதனால்தான் அவர்கள் "வி" உடன் "எஃப்" ஐயும் சேர்த்துக்கொள்கிறார்கள். கேட்டால் அது வோல்ட் அல்ல, மாதிரிப் பெயர் என்று தப்பிக்கொள்ளலாம். கொள்ளளவிலும் இதே தந்திரம்தான். நம்பத்தகுந்த நிறுவனங்களின் 18650 கலங்கள் பெரும்பாலும் 3500 மில்லி அம்பியர் மணியைத் தாண்டுவதில்லை. பத்துக் கலங்களை இரண்டிரண்டாக இணைத்தாலும் 7 அம்பியர் மணிதான் வரும். 15,000 என்றும் 20,000 என்றும் அச்சிட்டிருந்தால் அது பொய்.

பத்துக் கலங்கள் இருக்கும்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் இரண்டு வரிசைகளுக்கும் பிரிந்து செல்லும். ஐந்து மட்டும் இருந்தால் முழு மின்னோட்டமும் ஒவ்வொரு கலத்தினூடாகவும் பாய வேண்டும். இறுகிய நட்டை அடிக்கும்போது அது பல பத்து அம்பியர்களாக உயரும். மலிவான கலங்கள் அதைத் தாங்காமல் மின்னழுத்தம் விழுந்துவிடுகிறது, கலங்கள் சூடாகின்றன. என்னிடமிருந்த இரண்டாவது பற்றரி அப்படித்தான் சூடேறி, அதன் உறை ஒரு பக்கம் வெடித்து விலகியது. அதனுடன் வந்த சார்ஜரில் கலங்களின் வெப்பநிலையை அறியும் ஏற்பாடு எதுவும் இல்லை. இலித்தியம் கலங்களைப் பொதுவாக 45 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும்போது ஏற்றக்கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ் நிற்கும் வாகனத்துக்குள் அதைவிட அதிகமான வெப்பம் இருக்கும். இரவில் ஏற்றவிட்டுவிட்டு வீட்டார் உறங்கும் நிலையில் இது தீ விபத்தாகவே முடியலாம்.

கருவியின் முனையிலும் ஏமாற்று இருந்தது. அரை அங்குலச் சதுர முனையின் நடுவே திருகாணி முனை செருகுவதற்கென்று அறுகோணத் துளை குடைந்திருந்தார்கள். இரண்டு வேலைக்கும் உதவும் என்று விளம்பரப்படுத்துகிறார்கள். ஆனால் சில்லு நட்டு வேலைக்கு இந்தத் துளை சதுரத்தைப் பலவீனமாக்குகிறது. என்னுடையதில் சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து துளைவரைக்கும் மயிரிழை வெடிப்பு விழுந்திருந்தது. இலவசமாகத் தந்த பளபளக்கும் சொக்கற்றுகள் கைச்சாவிக்கு உரியவை; இம்பக்ட் அடியில் அவை சிதறி முகத்தில் பறக்கக்கூடும். இம்பக்ட் வேலைக்குரியவை குரோம் மொலிப்டினம் உருக்கினாலான, கறுப்பு நிறமான, தடித்த சுவருள்ள சொக்கற்றுகள். வேறெதையும் பொருத்த வேண்டாம். கண்ணாடி அணியாமலும் வேலை செய்ய வேண்டாம்.

எல்லாவற்றையும் பொதிசெய்து கடைக்குத் திரும்பக் கொண்டுசென்றேன். மாற்றித் தருவதாகச் சொன்ன அதே விற்பனையாளர், "பற்றரிக்கு வொறண்டி இல்லை அண்ணை. திறந்த சாமானை எடுக்கேலாது" என்றார். திறக்காத பற்றரியும் வெடித்திருப்பதைக் காட்டினேன். உரிமையாளர் வந்து, இந்த விலைக்கு வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று மற்ற வாடிக்கையாளர்களின் முன்னிலையில் கேட்டார். விலை குறைவு என்பது பொய் சொல்லி விற்பதற்கான அனுமதி அல்ல என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, உத்தரவாதத்துக்கு இணங்காத பொருளைப் பற்றி எழுத்துமூலம் முறைப்பாடு செய்ய முடியும். அதை மூன்று மாதங்களுக்குள் செய்துவிட வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் வியாபாரியின் கடமை. அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. மாவட்டச் செயலகத்திலும் விசாரிக்கலாம். நான் பற்றுச்சீட்டின் பிரதி, பெட்டியில் அச்சிட்டிருந்தவற்றின் படங்கள், தராசில் பற்றரி இருக்கும் படம், திறந்த பற்றரியின் படம் ஆகியவற்றை இணைத்துக் கொடுத்திருக்கிறேன்.

வாங்கப்போகிறவர்களுக்கு, முதலில் உங்கள் வாகனத்தின் தேவை எவ்வளவு என்று பாருங்கள். சிறிய கார்களின் சில்லு நட்டுகள் 85 முதல் 110 நியூட்டன் மீற்றர் அளவில்தான் இறுக்கப்படுகின்றன. துருப்பிடித்திருந்தால் கழற்ற அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு வேண்டிவரும். எனவே கார், வான், டிமோ பட்டா எனும் சிறு லொறி வைத்திருப்பவர்களுக்கு 300க்கு மேல் இறுக்கும் விசையுள்ள உண்மையான கருவி போதுமானது. உழவு இயந்திரத்தின் பின்சில்லுக்கு அதைவிடப் பெரியது வேண்டும். பெட்டியில் உள்ள விசை இறுக்குவதற்கா இளக்குவதற்கா என்று கேளுங்கள், ஏனெனில் பெரிய எண்ணைத்தான் எல்லோரும் முன்னால் போடுகிறார்கள். மாதிரி இலக்கத்தையும் தொடர் இலக்கத்தையும் பற்றுச்சீட்டில் எழுத மறுக்கும் கடையில் எதையும் வாங்காதீர்கள். பழைய வாகனமொன்றின் இறுகிய நட்டில் கடைவாசலிலேயே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பொதியைத் திறப்பதற்கு முன்னரே பணம் வாங்கும் கூரியர் விநியோகத்தில் இதற்கு வழியில்லை என்பதால், இந்தப் பொருளை அந்த முறையில் வாங்கவே வேண்டாம் என்பது எனது கருத்து.

நல்ல கருவி கிடைத்தபின்னும் கடைசி இறுக்கலை அதனால் செய்யாதீர்கள். கையால் தொடங்கி, கருவியால் மெதுவாக அமர்த்தி, முறுக்குவிசை காட்டும் சாவியால் முடியுங்கள். அளவுக்கு மீறி அடித்தால் போல்ற்றின் புரி இழுபட்டுவிடும்.

எனது கருவியையும் திறந்த பற்றரியையும் எறியாமல் வைத்திருக்கிறேன். வெடித்த பற்றரி மட்டும் வீட்டுக்கு வெளியே, மணல் நிரப்பிய இரும்பு வாளிக்குள் இருக்கிறது. இதே பெட்டியை வாங்கி முறைப்பாடு செய்ய விரும்புபவர்கள் கேட்டால் படங்களை அனுப்பிவைப்பேன். அருகில் இருப்பவர்கள் நேரில் வந்து தங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.