‘வெளிநாட்டுப் பல் மருத்துவர்கள் வருகை’ என்று நோட்டீஸ் கண்டால் எச்சரிக்கை

குடியாத்தம், பேரணாம்பட்டு சுற்றுவட்டார மக்கள் கவனத்துக்கு. இலவச முகாம், வெளிநாட்டு மருத்துவர்கள் என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டி, ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து என் அம்மாவுக்குப் பல் பிடுங்கினார்கள். பிடுங்கிய பெண் மருத்துவர் அல்ல. பல் மருத்துவ மாணவிகூட அல்ல.

வேலை முடிந்து அம்மாவை அழைத்து வரப் போனபோது, அவர் வாயில் பஞ்சைக் கடித்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் இன்னொரு பாட்டி. ஒரு பையன் கைபேசி விளக்கைப் பிடிக்க, இருபது வயதுகூட நிரம்பாத பெண் ஒருத்தி குறடும் கையுமாக நின்றாள். கையுறை அவளுக்குப் பெரிது. விரல் நுனிகள் தொளதொளவென்று தொங்கின. எந்தக் கல்லூரி என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாள். அமெரிக்காவில் பல் மருத்துவத்துக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்கப் போகிறாளாம். இந்த அனுபவம் இடம் கிடைக்க உதவுமாம். இரண்டு வார ஏற்பாட்டுக்கு ஒரு நிறுவனத்துக்குப் பெருந்தொகை கட்டியிருக்கிறாளாம். பதிவு பெற்ற பல் மருத்துவர் ஒருவரும் இருந்தார். வாசலில், பிரமுகர்களோடு படம் எடுத்துக்கொண்டு.

ஏற்பாட்டாளரைக் கேட்டால், “சும்மா செய்கிறவர்களிடம் இவ்வளவு கேள்வியா தம்பி?” என்கிறார்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வாங்குகிறவர். அதை அங்கே ஒருவரும் விசாரிக்கவில்லை. ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கன்னம் வீங்கிக் கண்ணே மூடிக்கொண்ட பிறகு அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடைந்த வேர் தாடைக்குள்ளேயே இருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. என்ன ஊசி போட்டார்கள், என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்று மருத்துவர் கேட்டார். சீட்டு என்று ஒன்று கொடுத்திருந்தால் அல்லவா சொல்வதற்கு! சீழை வடித்து, வேரை எடுத்து, இன்சுலின் போட்டுச் சர்க்கரையை இறக்கி, அங்கேதான் ஆளைத் தேற்றினார்கள். முகாம் கோஷ்டி அதற்குள் ஸ்ரீபுரம் பொற்கோயிலைப் பார்த்துவிட்டு மாமல்லபுரம் போய்விட்டது.

வேலூருக்கு வெளிநாட்டு மாணவர்கள் புதிதல்ல. முறைப்படி வருகிறவர்கள் மூத்த மருத்துவர் பின்னால் நின்று பார்த்துக் கற்கிறார்கள். அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. வெள்ளைக்கார டாக்டர் என்றால் கும்பிடுகிற நம்பிக்கை இங்கே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய அமெரிக்கர் ஐடா ஸ்கடர் காலத்துச் சொத்து. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மனம் உடைந்தவர், நேராக வைத்தியம் பார்க்க உட்கார்ந்துவிடவில்லை. அமெரிக்கா திரும்பி, 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கி, 1900-இல்தான் வேலூருக்கு வந்தார். அவர் சம்பாதித்துவைத்த நல்ல பெயரைத்தான் இந்த நிறுவனங்கள் காசாக்குகின்றன.

சட்டப்படி, பதிவு இல்லாதவர் இங்கே பல் வைத்தியம் செய்யக் கூடாது. சொந்த நாட்டில் அனுமதி இல்லாத சிகிச்சையை மாணவர்கள் வெளிநாட்டில் போய்ச் செய்யக் கூடாது என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமே 2011-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தப் பெண் தன் ஊரில் ஒரு பல்லைப் பிடுங்கியிருந்தால் போலீஸ் வந்திருக்கும். இங்கே பொன்னாடை போர்த்தினார்கள்.

முகாமுக்குப் போகிறவர்கள் மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். மாணவர் என்றால் பக்கத்தில் மருத்துவர் நிற்க வேண்டும்; வேண்டாம் என்று மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி விசாரிக்காதவரிடம் வாயைத் திறக்காதீர்கள். எழுதித் தராத மருந்தை விழுங்காதீர்கள். பல் பிடுங்குவது அரசு மருத்துவமனையிலும் இலவசம்தான்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியருக்கு மனு கொடுத்து, நகலை மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் அனுப்பியிருக்கிறோம். அன்று அம்மாவோடு வரிசையில் இருந்தவர்கள் யாரேனும் அவதிப்பட்டிருந்தால் நீங்களும் மனு கொடுங்கள். ஒரே ஒரு மனு என்பதால், ‘யாரோ ஒருவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லிக் கோப்பை மூடப் பார்க்கிறார்கள்.